தாடை அரிப்பும் கத்திரிக்காயும்

ஜனவரி 5, திங்கள்

குழந்தை டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி நான் டைரி எழுதுகிற ஆள் இல்லை. இந்த டைரிகூட எங்கள் கம்பெனிக்குச் செம்புக் கம்பி போடுகிறவர் புத்தாண்டுக்குக் கொடுத்தது.

விஷயம் இதுதான். என் மகன் லோகித்துக்கு ஒரு வயது பத்து மாதம். மூன்று வாரமாகத் தாடைக்கு அடியில் அரிப்பு. சும்மா சொறிவதில்லை. இரண்டு விரலால் தாடைக்குக் கீழே கிள்ளி, கையை வெடுக்கென்று இழுக்கிறான். பார்க்கிற எனக்கே வலிக்கிறது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "தோல் சுத்தமா இருக்குங்களே. தடிப்பு இல்லை, செவப்பு இல்லை. ஏதாவது சாப்பாடு ஒத்துக்காம இருக்கும். என்ன சாப்பிடறான், எப்ப சொறியறான்னு கொஞ்ச நாளைக்குக் குறிச்சு வைங்க" என்றார். ஒரு பவுடரும் எழுதிக்கொடுத்தார்.

அது எனக்குப் புதிதில்லை. பம்ப்செட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். மோட்டார் உறுமினால் ஒவ்வொரு பாகமாக மாற்றி ஓட்டிப் பார்ப்போம். எதை மாற்றியதும் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. குழந்தைக்கும் அதே முறைதான்.

இன்று: இட்லி, பருப்பு சாதம், வாழைப்பழம். சாயங்காலம் நான் வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றும்போதே சொறிந்துகொண்டு நின்றான். தூக்கி உட்கார வைத்துப் பவுடர் போட்டேன். டப்பாவைத் தட்டிவிட்டு அழுதான்.

ஜனவரி 6, செவ்வாய்

மனைவி கோகிலாவிடம் சோதனை முறையை விளக்கினேன். பாதியிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"இதுக்கு எதுக்குங்க சோதனை? கத்திரிக்காதான். ஊரு உலகத்துக்கே தெரியும் கத்திரிக்கா அரிக்கும்னு."

"அவன் கத்திரிக்கா சாப்பிடறதே இல்லையே?"

"உங்க தட்டுல இருந்து எடுத்து ஊட்டறீங்களே, அதென்ன முருங்கைக்காயா?"

இன்றுமுதல் வீட்டில் கத்திரிக்காய் கிடையாது. அவள் கணக்கு டீச்சர். விடை தெரிந்த பிறகு வழிமுறை எழுதுகிறவர்கள் அவர்கள். எண்ணெய்க் கத்திரிக்காய் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்பது அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும்.

அரிப்பு: சாயங்காலம், கேட் அருகில்.

ஜனவரி 8, வியாழன்

கீழ் வீட்டைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் பையன் பகலெல்லாம் அங்கேதான் இருக்கிறான்.

ஆரோக்கியராஜும் ஜெசிந்தாவும் திருச்சியிலிருந்து போன வருஷம் குடிவந்தார்கள். இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. பேச்சும் கையால்தான். அவருக்கு ரயில்வேயில் ஆபீஸ் வேலை. அந்தப் பெண் வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறாள். மகள் ஷெரின், யுகேஜி. அவளுக்குக் காதும் கேட்கும், வாயும் உண்டு. மூன்று பேருக்கான வாயை ஒருத்தியே வைத்திருக்கிறாள்.

கோகிலா வேலைக்குத் திரும்பியபோது ஜெசிந்தா தானாகவே வாட்ஸப்பில் கேட்டாள், நான் பார்த்துக்கொள்கிறேனே என்று. குழந்தை அழுதால் எப்படித் தெரியும் என்று நான்தான் தயங்கினேன். கோகிலா ஒரு நாள் லீவு போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "நானெல்லாம் காதுல ஒரு பக்கம் வாங்கிட்டு டிவி பாத்துட்டே இவனப் பாக்கறேன். அந்தப் பொண்ணு பாக்கறதுன்னா பாக்கறதுதாங்க. கண்ணே எடுக்கறதில்ல."

மூன்று மாதமாகிறது. கோகிலாவுக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வர நேரமாகும் என்பதால் சாயங்காலம் நான் போய்க் கூட்டிவருவேன். ஜெசிந்தாவும் பையனும் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பார்கள். நான் வந்ததும் அவன் சொறிய ஆரம்பிப்பான்.

ஜனவரி 9, வெள்ளி

பவுடரை மாற்றினோம். பலன் இல்லை.

ஜனவரி 10, சனி

கோகிலாவின் தம்பி தினகரன் பெங்களூரிலிருந்து வீடியோ காலில் வந்தான். லோகித் திரையைப் பார்த்ததும் "மாமா" என்றான். தினகரன் ஆபீஸையே கூப்பிட்டுக் காட்டினான்.

"மாமா, இன்னும் உங்களை அப்பான்னு கூப்பிடலையா?"

"கூப்பிடுவான் மாப்ளே. என்ன அவசரம்?"

"காது குத்தறப்ப எம்மடியிலதான உக்காருவான். 'மாமா'ன்னுதான் கத்தப்போறான் பாருங்க!"

பிப்ரவரி எட்டாம் தேதி குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காது குத்தும். போன வருஷமே முடித்திருக்க வேண்டியது. பங்காளி வீட்டில் இழவு விழுந்து தள்ளிப்போனது.

பையன் இப்போது பேசுகிற வார்த்தைகள்: அம்மா, தண்ணி, காக்கா, ஃபேன், போ, மாமா. பால்காரரும் மாமாதான். பக்கத்து மனையில் கட்டிக் கிடக்கும் எருமையும் மாமாதான். எனக்கு இதில் ஒன்றும் வருத்தமில்லை. 'அப்பா' என்பது கொஞ்சம் கஷ்டமான வார்த்தை என்று நினைக்கிறேன். 'ப்'பில் உதடு நிற்க வேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

காலையிலிருந்து வீட்டில்தான் இருந்தேன். அரிப்பே இல்லை. பத்து மணிக்குக் கறி வாங்கக் கிளம்பி ஹெல்மெட்டை எடுத்தேன். உடனே பையன் ஓடிவந்து சொறிந்தான். கறி இன்னும் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. எனவே கறி குற்றவாளி இல்லை.

இப்படித்தான் ஒவ்வொன்றாக விலக்க வேண்டும்.

ஜனவரி 13, செவ்வாய்

இன்று எனக்குக் கோபம் வந்தது. எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் போனபோது ஜெசிந்தா வாசலில் நின்றபடி போனில் வேலை விஷயமாக அவசரமாக ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆரோக்கியராஜ் உள்ளே இருந்து கையசைத்து ஏதோ கேட்டார். அவள் என் பையன் பக்கம் பார்த்துவிட்டு, நெற்றியில் விரலை வைத்து ஒரு சுழற்று சுழற்றினாள். அவரும் அதேபோல் சுழற்றித் தலையாட்டினார்.

நெற்றியில் விரலைச் சுழற்றினால் என்ன அர்த்தம் என்று கோயம்புத்தூரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். என் பையன் எருமையை மாமா என்கிறான்தான். அதற்காகக் கிறுக்கு என்பதா?

கோகிலாவிடம் சொன்னேன். "அவங்க பாஷை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது. "அப்பறம் எதுக்கு நீங்களே அர்த்தம் சொல்றீங்க?" என்றாள். டீச்சர்களோடு வாதம் செய்யக் கூடாது.

ஜனவரி 14, புதன்

போகி லீவு. சைகை மொழியைக் கற்றுக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்தேன். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அழகாகச் சொல்லித்தருகிறாள். வணக்கம், நன்றி, நலமா, மூன்றும் பழகிவிட்டேன். கண்ணாடி முன்னால் நன்றாகவே வந்தது. உலகம் பூராவும் ஒரே சைகைதானே, நல்ல ஏற்பாடு.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

உலகம் பூராவும் ஒரே சைகை இல்லையாம்.

கரும்பு கொடுக்கக் கீழே போய், ஆரோக்கியராஜைப் பார்த்து மூன்றையும் செய்தேன். அவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனை எடுத்துத் தட்டி என்னிடம் காட்டினார்: "வேறு நாட்டுச் சைகை என்று நினைக்கிறேன். இரண்டாவது எனக்குப் புரிந்தது. கொசு கடிக்கிறதா?"

ஷெரின் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் தேன் மிட்டாய் வாங்கிக்கொண்டு பாடம் எடுத்தாள். முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டக் கூடாதாம். கேள்வி என்றால் புருவம் ஏற வேண்டுமாம். நான் ஏற்றிக் காட்டினேன். "அங்கிள், பயந்த மாதிரி இருக்கீங்க" என்றாள்.

முக்கியமான விஷயம் ஒன்றும் சொன்னாள். அவர்களுக்குள் எல்லோருக்கும் கைப்பேர் உண்டு. சும்மா எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாதல்லவா? ஆளைப் பார்த்ததும் எது தெரிகிறதோ, அதை வைத்துப் பேர். வாட்ச்மேனுக்கு மீசை. வீட்டு ஓனருக்கு இடுப்புச் சாவிக்கொத்து. கோகிலாவுக்கு மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவது.

"எனக்கு?" என்று கேட்டேன்.

"உங்களுக்கும் இருக்கே! உங்களுக்குத் தெரியாதா அங்கிள்?"

அவள் கண்ணை விரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என் பேர் எனக்கே தெரியாது என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? "தெரியும், தெரியும். நீ சொல்றியான்னு பாத்தேன்" என்றேன்.

அவ்வளவுதான், ஓடிவிட்டாள்.

ஜனவரி 16, வெள்ளி

தொப்பையாகத்தான் இருக்கும். அல்லது உச்சந்தலை வழுக்கை. கோகிலாவிடம் கேட்டேன், ஆளைப் பார்த்ததும் முதலில் தெரிவது தொப்பையா, வழுக்கையா என்று. "எந்த ஆளுங்க?" என்றாள். "சும்மா, ஒரு ஆளு." என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "ரெண்டுமே" என்றாள்.

ஜனவரி 20, செவ்வாய்

வண்டி சர்வீஸுக்குப் போயிருப்பதால் நேற்றும் இன்றும் பஸ். உக்கடம் நெரிசலில் மாட்டி, வீடு வரும்போது பையன் தூங்கிவிட்டான். இரண்டு நாளும் அரிப்பு என் கண்ணில் படவில்லை.

ஜெசிந்தா மட்டும் மெசேஜ் போட்டிருந்தாள்: "கிரில் கிட்டவே நின்னான். ரொம்ப நேரம் கேட்டுட்டே இருந்தான் அண்ணா." என்ன கேட்டான் என்று எழுதவில்லை. வாழைப்பழமாக இருக்கும்.

கத்திரிக்காயை நிறுத்தி இரண்டு வாரம். இப்போதுதான் உடம்பிலிருந்து இறங்குகிறது போலும். கோகிலா சொன்னது சரியென்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அவள் சுரைக்காய்க் கூட்டு வைத்தாள்.

ஜனவரி 21, புதன்

வண்டி வந்தது. அரிப்பும் வந்தது.

ஜனவரி 22, வியாழன்

லீவு எடுத்துக் கண்காணித்தேன். காலையிலிருந்து ஒன்றுமில்லை. மதியம் ஆன்லைனில் வாங்கிய மிக்சி ஜார் வந்தது. கொண்டுவந்த தம்பி ஹெல்மெட்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான். லோகித் அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திக்கொண்டு, தாடையைச் சொறிந்தான்.

அட்டைப்பெட்டி! அட்டைப்பெட்டியில் ஒருவிதத் தூசு இருக்கிறது. கோகிலாவிடம் இனி ஆன்லைனில் எதுவும் வாங்காதே என்றேன். அவள் என்னை அன்பில்லாமல் பார்த்தாள்.

ஜனவரி 23, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். பதற்றமாக இருக்கிறது, ஆனால் கண்டுபிடித்துவிட்டேன்.

சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போது ஜெசிந்தாவும் பையனும் வழக்கம்போலக் கிரிலில் நின்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பையனைக் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் தாடைக்கு அடியில் சொறிந்தாள். அதே இடம், அதே கிள்ளு. பையன் சொறிந்தான். உள்ளிருந்து ஆரோக்கியராஜ் எட்டிப் பார்த்து, எனக்கு வணக்கம் வைத்துவிட்டு, அவரும் சொறிந்தார்!

தொற்று. குடும்பமே சொறிகிறது. சாப்பாடு இல்லை, அட்டைப்பெட்டி இல்லை. அந்த வீட்டில் போண்டா என்று ஒரு பூனை இருக்கிறது. வெள்ளையும் பழுப்புமாக, எந்நேரமும் முடி உதிர்த்துக்கொண்டு. என் பையன் அதைத் தலையணையாக வைத்துத் தூங்கி நானே பார்த்திருக்கிறேன்.

மேலே வந்து உட்கார்ந்தேன். எனக்கே தாடைக்கடியில் என்னவோ செய்தது. லேசாகக் கிள்ளிவிட்டுக்கொண்டேன். லோகித் விளையாடிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்தான். எழுந்தான். கை தட்டினான். ஓடிவந்து மடியில் ஏறி, தன் தாடையைக் கிள்ளி, என் தாடையைக் கிள்ளி, மறுபடி தன்னுடையதைக் கிள்ளி, மூச்சு முட்டச் சிரித்தான். இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

அரிப்பில் என்ன சந்தோஷம்? இருவருக்கும் பவுடர் போட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

கீழே அனுப்புவதை நிறுத்தியாகிவிட்டது. கோகிலாவுக்கு இதில் சம்மதமில்லை. "பூனை மேல பழி போடறீங்க" என்றாள். காது குத்து முடிகிற வரையிலாவது என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

ஜெசிந்தாவுக்கு மெசேஜ் எழுதத்தான் பாடாகிவிட்டது. அரிப்பு என்று எப்படி எழுதுவது? "லோகித்தைச் சில நாள் டே கேருக்கு அனுப்பிப் பார்க்கிறோம். மற்ற குழந்தைகளோடு பழகட்டும் என்று" எனப் போட்டேன். அவள் "சரி அண்ணா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஏதாவது தப்பு செய்தேனா?" என்றாள். "இல்லை இல்லை" என்று இரண்டு முறை போட்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்

டே கேர் முதல் நாள். பெரிய ஹால், யானைச் சறுக்கு, ஏசி. பூனை கிடையாது. விட்டுவிட்டு வந்தேன். வாசல்வரை அழுகைச் சத்தம் கேட்டது. எல்லாக் குழந்தைகளும் அழுவார்கள் என்று அங்கிருந்த மேடம் சொன்னார்.

ஜனவரி 29, வியாழன்

மேடம் கூப்பிட்டுச் சொன்னார்: "சார், பையனுக்கு ஏதாவது ஸ்கின் பிராப்ளமா? காலையில நீங்க விட்டுட்டுப் போனதுல இருந்து கேட் கிட்டயே நின்னு தாடையத் தாடையச் சொறியறான். ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பாத்துப் பாத்துச் சொறியறான். எங்க ஆயா மருந்து கூடத் தடவிவிட்டாங்க."

பூனையை விட்டு விலக்கினால் குறைய வேண்டும். கூடியிருக்கிறது. சோதனை முறைப்படி பார்த்தால் பூனை குற்றவாளி இல்லை.

என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

இன்று பையன் 'போ' கூடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

ஷெரின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "அங்கிள், லோகித் ஏன் வர மாட்டேங்குறான்? அம்மா டெய்லி சாயங்காலம் கிரில் கிட்ட போய் நிக்கிறாங்க. அவன் இல்லன்னு மறந்து போயிடுறாங்க" என்றாள்.

அவனுக்குச் சளி பிடித்திருக்கிறது, சரியானதும் வருவான் என்றேன். "சளியா? அப்ப நீங்க ஏன் டிபன் பாக்ஸோட அவன ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?" என்றாள். தேன் மிட்டாய் கையில் இல்லாத நேரம் பார்த்துத்தான் இவள் கேள்வி கேட்பாள்.

பிப்ரவரி 4, புதன்

கோகிலா கீழ் வீட்டுக்குப் போய்க் காது குத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்தாள். என்னிடம் கேட்கவில்லை.

"பூனைக்கும் அரிப்புக்கும் சம்பந்தமில்லன்னு உங்க நோட்டுலயே எழுதியிருக்கீங்க. படிச்சேன். அப்பறம் ஏனுங்க அவங்க மூஞ்சியப் பாக்காம ஓடறீங்க?"

டைரியில் இதையும் படிப்பாள் என்பதால் எழுதுகிறேன்: தப்புதான்.

பிப்ரவரி 9, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும். லீவு போட்டிருக்கிறேன்.

காங்கேயம் பக்கம் கோயில். இரண்டு வேன். ஒன்றில் எங்கள் ஆட்கள், இன்னொன்றில் கோகிலா ஆட்கள், எங்கள் வேனின் நடு சீட்டில் ஆரோக்கியராஜ் குடும்பம். மொட்டை போடும்போது லோகித் அதிகம் அழவில்லை. நெற்றியில் எப்போதும் புரளும் அந்த ஒற்றைச் சுருள் முதலில் விழுந்தது. ஜெசிந்தா அதைக் குனிந்து எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

அப்புறம் காது குத்து. தினகரன் பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பையனை மடியில் வைத்துக்கொண்டான். சுற்றிலும் கூட்டம். ஆளாளுக்கு, "மாமான்னு சொல்லு", "கண்ணு, இங்க பாரு", "ஆசாரி, சீக்கிரமுங்க" என்று ஒரே இரைச்சல். கோகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மோட்டாரைப் பிரித்துப் போட்டால் எனக்கு ஒன்றுமில்லை; இதெல்லாம் நமக்கு ஆகாது. இரண்டு வரிசை தள்ளி நின்றேன்.

முதல் காது. பையன் வீறிட்டான். 'மாமா' என்று கத்தவில்லை. 'அம்மா' என்றும் கத்தவில்லை. வாயைத் திறந்து வெறுமனே அழுதுகொண்டே, கூட்டத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினான். தினகரன் பிடியிலிருந்து ஒரு கையை உருவித் தாடைக்கு அடியில் கிள்ளினான், இழுத்தான். மறுபடி கிள்ளினான்.

"ஐயோ, பாவம், இப்பப் போயி அரிக்குது பாரு" என்றார் கோகிலாவின் பெரியம்மா.

"ஏனுங்க! பவுடர் வேன்ல இருக்குது, எடுத்தாங்க!" என்றாள் கோகிலா.

ஓடினேன். வேட்டி தடுக்க ஓடி, பையெல்லாம் கொட்டி, டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். இரண்டாவது காதும் முடிந்திருந்தது. பையன் இன்னும் கிள்ளிக்கொண்டிருந்தான். அழுகையில் உடம்பெல்லாம் குலுங்குகிறது, கை மட்டும் நிற்கவில்லை. நான் கூட்டத்துக்கு வெளியே டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழி விடுங்க, வழி விடுங்க என்கிறேன்.

அப்போதுதான் ஒரு நாற்காலி மேலிருந்து ஷெரின் கத்தினாள். அந்தத் தொண்டைக்கு மைக் தேவையில்லை.

"அங்கிள்! பவுடர் எதுக்கு? அவன் உங்களைத்தான் கூப்பிடுறான்! எவ்ளோ நேரமாக் கூப்பிடுறான்! போங்களேன்!"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நானும்தான். "என்ன கூப்பிடறான்?" என்றேன்.

"இதான் உங்க பேரு!" என்று தன் தாடைக்கு அடியில் கிள்ளி இழுத்துக் காட்டினாள். "தெரியும்னு சொன்னீங்க!"

ஜெசிந்தா மகளின் பக்கத்தில் நின்றிருந்தாள். என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் எல்லாம் புரிந்திருக்க வேண்டும். மெதுவாக இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோய், இல்லாத ஒரு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். தாடைக்கு அடியில் இரண்டு விரலால் கொக்கியைக் கிள்ளினாள். வாரை வெடுக்கென்று இழுத்தாள். கழற்றினாள். என்னைக் காட்டினாள்.

மூன்று மாதமாகத் தினமும் சாயங்காலம் கிரிலில் நின்று அவன் பார்த்தது அதைத்தான். தெருவில் ஒரு வண்டி வந்து நிற்கும். அதிலிருந்து முகமே இல்லாத ஒருத்தன் இறங்குவான். தாடைக்கு அடியில் கிள்ளுவான். அப்பா வந்துவிடுவார்.

எப்படிக் கூட்டத்தைத் தாண்டினேன் என்று தெரியாது. பெரியப்பா ஒருத்தரை மிதித்துவிட்டேன், இன்று போனில் திட்டினார். தினகரன் மடியிலிருந்து பையனைத் தூக்கியதும் அவன் கை நின்றது. தலையை என் கழுத்தில் புதைத்துக்கொண்டு விக்கினான். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் என் சட்டையில். நான் அழுதேன். எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துக்கொள்ளட்டும்.

கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் இந்தக் குழந்தைக்கு நான் பவுடர் போட்டிருக்கிறேன். டே கேர் கேட்டில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து என்னைக் கேட்டிருக்கிறான், அவர்கள் மருந்து தடவியிருக்கிறார்கள். ஒரே ஒரு நாள் நான் பதிலுக்குக் கிள்ளினேன், அவன் கை தட்டினான்.

பந்தியில் ஆரோக்கியராஜ் பக்கத்தில் உட்கார்ந்து போனில் எழுதிக் காட்டினேன், பூனை முதல் எல்லாவற்றையும். மறைக்கவில்லை. அவர் படித்துவிட்டு ஜெசிந்தாவிடம் நீட்டினார். அவள் படித்தாள். 'தொற்று' என்ற இடத்தில் நின்றாள். முகம் ஒரு நிமிஷம் இறுகியது. அப்புறம் தட்டினாள்:

"கஷ்டமாத்தான் இருந்துச்சு அண்ணா. ஆனா உங்களுக்குப் பேர் நான் வைக்கலை. அவனே வச்சான். நாங்க அதையே எடுத்துக்கிட்டோம். எங்க ஆளுங்க எல்லாருக்கும் உங்களை இந்தப் பேர்லதான் தெரியும். ரெண்டு வயசு ஆகலை, பேர் வைக்குதுன்னு சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொன்னேன்."

நெற்றியில் விரலைச் சுழற்றியதையும் கேட்டுவிட்டேன். அது அந்த ஒற்றைச் சுருள் முடி. அதுதான் லோகித்தின் கைப்பேர்.

"முடி போயிடுச்சே?" என்று எழுதினேன்.

ஷெரின் எட்டிப் படித்துவிட்டு, "முடிதான் அங்கிள் போச்சு, பேரு எப்படிப் போகும்?" என்றாள்.

கோகிலாவுக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "அப்ப மிக்சி ஜார் கொண்டாந்த பையனும் அப்பாவா?" ஷெரின் தலையில் அடித்துக்கொண்டாள். "புருவம் தூக்கினானா ஆன்ட்டி? தூக்கினா அது கேள்வி. அப்பாவான்னு கேட்டிருக்கான்." கோகிலா என்னைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்தாள். ஆன்லைன் தடை அந்த இடத்திலேயே நீக்கப்பட்டது.

தினகரன் மட்டும் வேன் ஏறும்போது, "வாயால இன்னும் சொல்லலைல்ல மாமா?" என்றான். அவன் கஷ்டம் எனக்குப் புரிகிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் பையனைக் கீழே விட்டேன். போண்டாவுக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொண்டுபோனேன். மன்னித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன், தின்றுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் தெருமுனையிலேயே ஹாரன் அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை, கிரிலில் நிற்பது இருவர், அதில் ஒருத்திக்குக் கேட்காது. கேட் முன்னால் வண்டியை நிறுத்தினேன். சந்தனம் காய்ந்த மொட்டைத் தலை ஒன்று கிரில் கம்பிக்கு நடுவில் தெரிந்தது. தாடைக்கு அடியில் ஹெல்மெட் கொக்கியைத் தொட்டேன், மெதுவாக, நன்றாகத் தெரிகிற மாதிரி. அவன் கை உடனே போனது.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, நான் நெற்றியில் விரலை வைத்துச் சுழற்றினேன்.

அவன் தன் மொட்டையைத் தடவிப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. இருந்தாலும் விரலை நெற்றியில் வைத்து ஒரு சுழற்று சுழற்றி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். ஆமாம், நான்தான்.

பவுடர் டப்பாவைத் தினகரன் கேரம் போர்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டாக்டருக்கு: இன்று இட்லி, தயிர் சாதம், இரவு எண்ணெய்க் கத்திரிக்காய். அரிப்பு, நான் வந்ததிலிருந்து ஓயவில்லை. ஒவ்வொரு தடவையும் போனேன்.